தரைக்கு முந்தைய ஒரு நிமிடம்

2018 அக்டோபர் 12 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில், திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுதளத்தின் கடைசி வரை ஓடியும் போதிய உயரம் ஏறவில்லை. ஓடுதளத்துக்கு அப்பால் நின்ற ஆன்டெனாவையும் விமான நிலையச் சுற்றுச்சுவரையும் அதன் அடிப்பகுதி இடித்துத் தள்ளியது. உள்ளே 130 பயணிகளும் 6 பணியாளர்களும் இருந்தார்கள். விமானம் எப்படியோ மேலேறி, பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டுப் பத்திரமாக இறங்கியது. உடைந்த சுவரின் படம் நாடெங்கும் பரவியது. காரணம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது தலைமை விமானியின் இருக்கையில் முதுகுச்சாய்வு திடீரெனப் பின்னுக்குச் சரிந்துவிட்டது என்று விசாரணை கண்டறிந்தது. விழாமல் சமாளிக்கப் பார்த்தவரின் கை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலையும் சேர்த்துப் பின்னுக்கு இழுத்துவிட்டது. எஞ்சின்களின் விசை குறைந்துபோனதை இரண்டு விமானிகளுமே உடனே கவனிக்கவில்லை. அனுபவம் மிக்க இருவரின் கவனத்தை, எஞ்சினிலோ இறக்கையிலோ எந்தக் கோளாறும் இல்லாதபோது, நாற்காலியின் ஒரு பகுதி பிடுங்கிக்கொண்டது.

அந்த விமானத்தில் விமானிகள் இருவர் இருந்தார்கள், பெரிய எஞ்சின்களின் உபரிச் சக்தி இருந்தது, கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் செஸ்னா போன்ற சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு விமானிதான். பயிற்சி மாணவர் தனியாகப் பறக்கும்போது விமானத்தில் வேறு எவருமே கிடையாது. இருக்கைத் தொல்லை அங்கும் உண்டு. செஸ்னா விமானங்களின் இருக்கை தண்டவாளத்தில் நழுவிப் பின்னால் ஓடிவிடுவதும், விமானி பிடிமானத்துக்காகக் கைக்குக் கிடைத்த கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இழுத்துவிடுவதும் பல விபத்துகளில் முடிந்ததால், அந்தத் தண்டவாளங்களைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று 1987-இல் அமெரிக்க அரசு கட்டாய உத்தரவே போட்டது. இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை என்று தென்மாவட்டத்துக்காரர்கள் இனி ஒதுக்கிவிட முடியாது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் பொதுவான வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டர் அளவில் இருந்த ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டும் திட்டமும் அதோடு சேர்ந்தது. சேலம் விமான நிலையத்தில் பயிற்சி விமானங்கள் பறக்கின்றன. கோவில்பட்டிப் பக்கமுள்ள ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவரத் தமிழக அரசு நிறுவனமான டிட்கோ முயன்றுவருகிறது. இன்னும் சில ஆண்டுகளில் தாமிரபரணிக் கரையின் வானத்தில் சிறு விமானங்களின் சத்தம் பழகிப்போகலாம். அதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: விமானியின் கவனச் சிதறலை அலட்சியம் என்று பெயரிட்டு ஒதுக்கினால் விபத்து குறையாது. பல நேரம் அது கடமை உணர்ச்சியிலிருந்தே பிறக்கிறது.

இறங்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். பயணியர் ஜெட் விமானங்களைப் பற்றிப் போயிங் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, பறக்கும் நேரத்தில் கடைசி அணுகலும் தரையிறக்கமும் சேர்ந்து சுமார் 4 விழுக்காடுதான். உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகளில் ஏறத்தாழப் பாதி அந்தச் சிறு இடைவெளியில்தான் நடந்திருக்கின்றன. சிறு விமானத்தில் நெருக்கடி வேறு விதமானது. செஸ்னா 172 ரக விமானம் ஓடுதளத்தை நெருங்கும் வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். ஒரு நொடிக்கு 33 மீட்டர். விமானி குனிந்து மடியிலுள்ள வரைபடத்தை மூன்று நொடி பார்த்தால் விமானம் நூறு மீட்டர் போயிருக்கும். வழக்கமாக நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்குவதால், 500 அடி உயரத்தில் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் விமானி தரையைத் தொட ஒரு நிமிடமே மிச்சம். அந்தத் திருப்பத்தில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள். திரும்புவதற்காக விமானத்தைச் சாய்க்கும்போது அந்த ஆபத்தான வேகம் உயர்ந்துவிடுகிறது; 45 பாகை சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். மூவாயிரம் அடியில் இப்படி ஆனால் மூக்கைத் தாழ்த்தி மீண்டுவிடலாம். ஐந்நூறு அடியில், ஒரு பக்க இறக்கை முதலில் சரிந்து விமானம் சுழன்று விழத் தொடங்கிவிட்டால், எவ்வளவு தேர்ந்தவருக்கும் மீள உயரம் இருக்காது.

நெல்லைச் சீமையின் காற்று இதைச் சுலபமாக்கப் போவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் பாயும் காற்றின் வலு எப்படிப்பட்டது என்பதற்கு, கயத்தாறிலும் முப்பந்தலிலும் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. மின்சாரம் எடுப்பவருக்கு வரமான அந்தக் காற்று, ஆயிரம் கிலோ அளவே எடை கொண்ட பயிற்சி விமானத்தை வீச்சு வீச்சாக ஆட்டும். இன்னொன்றும் உண்டு. வெயிலில் காய்ந்த கரிசல் நிலத்தின் மேலே காற்று சூடேறி எழும்பும். நீர் நிற்கும் குளத்தின் மேலும் வயலின் மேலும் அப்படி எழும்பாது, சில வேளை கீழே அமுங்கும். கரிசல் காட்டையும் குளங்களையும் ஆற்றங்கரை வயல்களையும் அடுத்தடுத்துக் கொண்ட இந்த வட்டாரத்தில் தாழப் பறக்கும் சிறு விமானத்தை ஒரு நிலம் தூக்கிவிடும், அடுத்த நிலம் இறக்கிவிடும். சரியாகப் போய்க்கொண்டிருந்த இறக்கம் சில நொடிகளில் கோணிப்போகும். காற்றோடு மல்லுக்கட்டுவதற்கே விமானியின் முழுக் கவனமும் வேண்டியிருக்கும் அந்த நேரத்தில், வானொலியில் ஒரு கேள்வியோ பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பேச்சோ வந்தால் அதற்குக் கொடுக்க அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

கவனம் சிதறியதால் நேர்ந்த விபத்துகளை எடுத்துப் பார்த்தால், விமானி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவை சொற்பம். ஏதோ ஒரு சிறு கோளாறை அக்கறையோடு சரிசெய்துகொண்டிருந்தவை ஏராளம். 1972 டிசம்பர் 29 இரவு மயாமி நகருக்கு இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில், முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. பல்பு பழுதா, சக்கரமே இறங்கவில்லையா என்று விமானி அறையில் இருந்தவர்கள் அதிலேயே மூழ்கினார்கள். தானியங்கிக் கருவி உயரத்தைப் பிடித்துவைக்கும் நிலையிலிருந்து விலகியதும், விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்ததும் அவர்களுக்குத் தெரியவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி பயணம் செய்த பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்து ஐந்து பேரும் உயிரிழந்தனர். கடும் மேகத்தில் புகுந்து கீழ்நோக்கிய காற்றில் சிக்கியது விபத்துக்குக் காரணம். அதற்கு முந்தைய சில நிமிடங்கள் விமானிகள் இருவரும், விசை கடத்தும் பகுதியின் எண்ணெய் பற்றி வந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று கையேட்டில் தேடிக்கொண்டிருந்ததாகவும் விசாரணை காட்டியது. எச்சரிக்கை வந்தால் கையேட்டைப் பார்ப்பது அவர்கள் கற்ற பாடம், அவர்களுடைய கடமை. அந்தக் கடமை நடந்துகொண்டிருந்தபோது வெளியே வானம் மாறிக்கொண்டிருந்தது. சிறு விமானங்களில் இதற்கு ஒப்பானது கதவு. சரியாகத் தாழிடாத கதவு கிளம்பும்போது லேசாகத் திறந்துகொண்டால் காற்றின் இரைச்சல் மிரட்டும். ஆனாலும் விமானம் நன்றாகவே பறக்கும். ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தரையில் கதவைச் சாத்தினால் போதும். பறந்துகொண்டே சாத்தப்போய் விமானத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மனித மூளையின் இயல்பு இது. ஒரே நேரத்தில் இரண்டு வேலையைச் செய்வதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கவனம் இங்கும் அங்கும் தாவுகிறது, தாவும்போதெல்லாம் விட்ட இடம் மறந்துபோகிறது. மேலும் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது கண் பார்த்தும் மனம் பார்க்காது, காது கேட்டும் மனம் கேட்காது. பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் சிறு விமான விமானிகளை மாதிரி விமானத்தில் உட்காரவைத்துத் தரையிறங்கச் சொன்னார்கள். திடீர்க் காற்று மாற்றத்தோடு அவர்கள் போராடிக்கொண்டிருந்தபோது சக்கரம் பற்றிய அபாய ஒலி எழுப்பப்பட்டது. கணிசமானோர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் தரையிறங்கும் விபத்துகள் எப்படி நடக்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும். அந்த விமானங்களில் ஒலிப்பான் பழுதாகி இருக்க வேண்டியதில்லை. அது கடைசி வரை அலறியிருக்கலாம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும். ஒழுங்கான விமானிக்குக் கவனம் சிதறாது, சிதறவிட்டவரைத் தண்டித்தால் மற்றவர்கள் திருந்துவார்கள் என்பது அது. முழுக்கத் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. 2014 மே மாதம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செஸ்னா 150 ஒன்று இரவில் விழுந்து இருவர் இறந்தார்கள். அதே விமானி முந்தைய சுற்றுகளில் பறந்துகொண்டே செல்போனில் செல்ஃபி எடுத்தது விமானத்திலிருந்த கேமராவில் பதிவாகியிருந்தது. கடைசிச் சுற்றிலும் செல்போன்தான் கவனத்தைக் குலைத்திருக்கும் என்று விசாரணையாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இப்படிப்பட்டவரின் உரிமத்தை ரத்து செய்வது சரியே. ஆனால் இந்த ஒரு வகையை அளவுகோலாக்கி எல்லாரையும் அளந்தால், கையேட்டைத் தேடியவரும் இருக்கையைச் சமாளித்தவரும் அதே கூண்டில் நிற்க நேரும். தண்டனைக்குப் பயந்து யாரும் கதவு திறந்ததைச் சொல்ல மாட்டார்கள், சக்கரத்தைக் கடைசி நொடியில் நினைவுகூர்ந்ததைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாத தவறு அடுத்தவரிடம் திரும்ப நடக்கும். 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் இறங்கவந்த விமானத்தில், விமானிகள் கடைசி நிமிடங்களில் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது குரல் பதிவில் தெரிந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதைப் போன்ற சம்பவங்களுக்குப் பிறகு, 1981-இல் அந்த நாட்டு அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: பயணியர் விமானம் 10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது விமானி அறையில் பறத்தலுக்குத் தேவையற்ற பேச்சோ வேலையோ கூடாது. பேச்சு பொறுப்பான விமானிக்கும் நேரக்கூடியது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு இடமே இல்லாத ஒரு வேளையை வகுத்தார்கள். உலக விமானத் துறை பெரும்பாலும் இன்று அதைப் பின்பற்றுகிறது.

சிறு விமானத்தின் நிலைமை வேறு என்பது நியாயமான மறுப்பு. அங்கே இரண்டாவது விமானி இல்லை. வானொலிக்குப் பதில் சொல்ல வேண்டியவர், வழி பார்க்க வேண்டியவர், எண்ணெய் அளவைக் கவனிக்க வேண்டியவர் எல்லாம் அவர் ஒருவரே; மௌன விதி அவருக்கு எப்படிப் பொருந்தும்? விதியின் எழுத்து பொருந்தாது, அதன் உயிர் பொருந்தும். விமானத்தைப் பறக்கவைப்பது முதல் வேலை, வழி பார்ப்பது அடுத்தது, பேசுவது கடைசி என்ற வரிசையைப் பயிற்சிப் பள்ளிகள் முதல் நாளிலிருந்தே சொல்லித் தருகின்றன. சொல்லித் தருவதோடு நிற்காமல், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கேள்விக்கே "பொறுங்கள், பிறகு சொல்கிறேன்" என்று மாணவர் பதில் சொல்லப் பழக வேண்டும். பெரியவர் பேசும்போது குறுக்கே மறுத்துப் பேசாமல் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது தானாக வராது. பயிற்சியில் வேண்டுமென்றே குறுக்கிட்டு, பதில் சொல்லாமல் இருக்கும் துணிவைப் பழக்க வேண்டும். இறங்குவதற்கான சோதனைப் பட்டியலை உயரத்திலேயே முடித்துவிடலாம். இடையில் யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் பயணி இருந்தால், இறங்கும் நேரத்தில் பேசக்கூடாது என்று ஏறும்போதே சொல்லிவிடலாம். வேறு விமானமோ பறவையோ கண்ணில் பட்டால் மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டால் அவர் உதவியாகவே மாறிவிடுவார்.

புதிய கருவிகள் வந்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. திரையில் வரைபடமும் வானிலையும் சுற்றியுள்ள விமானங்களும் தெரிவது பெரிய உதவிதான். ஆனால் அந்தத் திரையே ஓடுதளத்தைப் பார்க்க வேண்டிய கண்களைத் தன்பக்கம் இழுக்கிறது. ஈஸ்டர்ன் விமானத்தில் தானியங்கிக் கருவி இருந்தது. அது இருக்கிறதே என்ற நிம்மதியில்தான் யாரும் உயரத்தைப் பார்க்கவில்லை.

எந்த முன்னெச்சரிக்கையையும் மீறிக் கவனம் சிதறும் நேரங்கள் வரவே செய்யும். அப்போது விமானியிடம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி, இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவது. வேகமோ உயரமோ ஒழுங்கில் இல்லையென்றால் எஞ்சினை முடுக்கி மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி, புதிதாக வரலாம். இதைச் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மனம்தான். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விபத்தில், இறங்க வேண்டாம், மேலேறுங்கள் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். பறக்கும் நேரத்தில் நெடுநேரம் தூங்கி எழுந்திருந்த தலைமை விமானி இறங்குவதிலேயே குறியாக இருந்தார். தனியாகப் பறப்பவருக்கு அப்படிச் சொல்லக்கூடத் துணை இல்லை. மேலேறுவதும் ஆபத்துதானே என்பார்கள். உண்மை, தாழ்ந்த உயரத்தில் எஞ்சினைத் திடீரென முடுக்கும்போது மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், பழகாதவர் அங்கேயும் ஸ்டாலில் சிக்கலாம். இதிலிருந்து பெற வேண்டிய முடிவு, தரையிறங்கப் பழகுவது போலவே மேலேறவும் நூறு முறை பழக வேண்டும் என்பது. வாடகை விமானங்களில் இன்னொரு நெருக்குதல் உண்டு. பின்னால் அமர்ந்திருப்பவர் அமைச்சராகவோ தொழிலதிபராகவோ இருப்பார், கீழே கூட்டம் காத்திருக்கும். திரும்ப மேலேறினால் என்ன நினைப்பாரோ என்ற எண்ணமும் ஒரு கவனச் சிதறலே, எல்லாவற்றிலும் கொடியது.

2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்கள் நான்கு நாள்களுக்குள் விழுந்தன. அந்தப் பள்ளியின் பயிற்சியையே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நிறுத்திவைத்தது. விபத்துக்குப் பின் நடவடிக்கை எடுக்க நமக்குத் தெரியும். விபத்துக்கு ஒரு படி முன்பே நின்றுவிட்ட தவறுகளைத் திரட்டத்தான் இன்னும் போதிய வழி செய்யவில்லை. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளை நாசா நடத்தும் அமைப்புக்கு எழுதி அனுப்புகிறார்கள். பெயர் நீக்கப்பட்டு, பாடம் மட்டும் எல்லாருக்கும் போகிறது; கவனச் சிதறல் பற்றி இன்று தெரிந்தவற்றில் பல அந்தக் கடிதங்களிலிருந்து கிடைத்தவை. விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, குற்றம் சுமத்துவதன்று என்று இந்தியாவும் ஏற்றுக்கொண்ட சர்வதேச விமான ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு சொல்கிறது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்தில் நடந்த தவறுகளை மாணவர் பயமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதை எவரும் கேட்பதில்லை. கோவில்பட்டியிலோ வேறெங்கோ புதிய பள்ளி தொடங்கும் நாளில் இந்த ஏற்பாடும் உடன் தொடங்க வேண்டும், பிறகு ஒட்டவைக்கும் இணைப்பாக அன்று. பிள்ளையை விமானிப் பயிற்சிக்கு அனுப்பப் பல லட்சம் புரட்டும் நெல்லைப் பெற்றோரே, கட்டணமும் வேலைவாய்ப்பும் கேட்பதோடு, இங்கே மாணவர் தம் தவறைச் சொன்னால் என்ன செய்வீர்கள், இறங்காமல் மேலேறிவிட்டால் திட்டுவீர்களா என்று பள்ளியிடம் கேளுங்கள். சிறு விமானத்தில் பயணிக்கும் வாய்ப்பு உங்களுக்கே வந்தால், இறங்கத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிடுங்கள். விமானி திரும்ப மேலேறினால், இறங்கிய பிறகு அவருக்கு நன்றி சொல்லுங்கள்.